ஒரு தோணிக்கு இரண்டு கொடுவா: மட்டக்களப்பு வாவியில் ஒரு காலையின் வரவு செலவு

மார்கழியும் தையும் வந்தால் மட்டக்களப்பு வாவியில் விடியற்காலைத் தூண்டில்காரர் கூடிவிடுவார்கள். அவர்களில் பலருக்கு மீன்பிடி தொழிலல்ல. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், கடை வைத்திருப்பவர், விடுமுறைக்கு ஊர் வந்த மாணவர் என்று இரண்டு மூன்று கூட்டாளிமார் சேர்ந்து ஒரு தோணியில் போவார்கள். கரையில் காத்திருப்பவர் அவர்களிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எத்தனை மச்சான்?"

எண்ணிக்கை மட்டும் கேட்டால் எண்ணிக்கைதான் விடையாக வரும். வாவியில் கழித்த ஒரு காலைக்கு நீர், நேரம், பணம், மீன், மீனின் ஆயுள் என்று ஐந்து பக்கம் உண்டு. அவற்றை ஒரே பேரேட்டில் எழுதினால் நான் வந்துசேரும் முடிவு இது: ஒரு தோணிக்கு ஒரு காலையில் இரண்டு கொடுவா போதும். அந்த இரண்டும் 58 சென்ரிமீற்றருக்குக் குறையவும் கூடாது, 85ஐத் தாண்டவும் கூடாது. வாவியின் மேலுள்ள பாசம் இதைச் சொல்லவைக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் இதே விடைதான் வருகிறது.

நீர்க் கணக்கு

வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை கரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. பரப்பு 141 சதுர கிலோமீற்றர் என்று ஒரு கணக்கு, 162 என்று இன்னொன்று. மழைக்காலத்தில் விரிந்து கச்சான் காற்றுக் காலத்தில் சுருங்கும் நீர்நிலைக்கு அளவுகள் அப்படித்தான் வரும். இங்கே குறைந்த அளவான 141ஐயே எடுத்துக்கொள்கிறேன். ஆழம் பெரும்பாலும் ஆளுயரத்தைச் சுற்றித்தான். மிக ஆழமான இடத்திலும் 4 மீற்றர் அளவே.

கடலோடு சேரும் வாய்கள் இரண்டு. ஒன்று பாலமீன்மடு முகத்துவாரம், 1913இல் கட்டிய வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. மற்றது தெற்கே கல்லாற்றில். கோடை நீளும்போது மணல் சேர்ந்து வாய் அடைபடும். மழைவெள்ளம் ஏறியதும் மணல்திட்டு தானாக உடையும், இல்லாவிட்டால் ஊரும் அரச அதிகாரிகளும் சேர்ந்து வெட்டிவிடுவார்கள்.

மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை. அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டிவிடும். 141 சதுர கிலோமீற்றர் வாவியின் மேல் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,41,000 கன மீற்றர், அதாவது 14.1 கோடி லீற்றர் நீர். வாவிக்குள் வந்து விழும் முந்தனை ஆற்றின் நீரேந்து பரப்போ ஏறத்தாழ 1,280 சதுர கிலோமீற்றர். அங்கே விழும் அதே 1 மில்லிமீற்றர் 128 கோடி லீற்றர். அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும், ஒரு பங்கு குளங்களில் தங்கும். மிச்சம் மட்டுமே வந்தாலும், வாவியின் மேல் நேரே பெய்யும் மழையைவிட மேற்குக் கரையான படுவான்கரையின் ஆறுகள் கொண்டுவரும் நீரே வாவியைப் புரட்டிப்போடுகிறது.

கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். இரண்டு பங்கு ஆற்று நீரோடு ஒரு பங்கு கடல்நீர் கலந்தால் அது 12 கிராமுக்கு இறங்கும். கொடுவா இரண்டையும் தாங்கும் மீன். நன்னீரிலும் வளரும், உவரிலும் வளரும். ஆனால் முட்டை பொரிந்து குஞ்சு பிழைக்க ஏறக்குறையக் கடலளவு உப்பு வேண்டும். ஆகவே முகத்துவாரம் திறப்பதும் அடைபடுவதும்தான் இந்த மீனின் போக்குவரத்து. வெள்ளத்தோடு வாவியிலிருந்து வாய்க்கு இறங்கும், இனப்பெருக்கம் முடிய, குஞ்சுகள் திரும்பவும் வாவிக்குள் ஏறிக் கண்டல் வேர்களுக்குள் ஒதுங்கும்.

நேரக் கணக்கு

வாடைக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். வங்காள விரிகுடாவை நோக்கியிருக்கும் கரை இது. கடல் இறங்கவிடாத நாட்களிலும், விடிவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று மணி நேரம் வாவி அசையாமல் கிடக்கும். ஜனவரி நடுப்பகுதியில் மட்டக்களப்பில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.20க்கு. 6 மணிக்கே கண் தெரியும் வெளிச்சம் வந்துவிடும். குளிர் என்று சொல்வதானால் 23 பாகை செல்சியஸ் அளவுதான். மேலில் ஒரு துவாய் போட்டுக்கொண்டால் போதும்.

5.30க்குத் தோணி இறங்கி 9.30க்குக் கரை சேர்ந்தால் 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். கொடுவா வெளிச்சம் மாறும் நேரத்தில் இரை தேடும் மீன். 5.50 முதல் 7.20 வரையான 90 நிமிடங்கள்தான் கைநூல் இழுபடும் நேரம். மொத்தத்தில் அது 37.5 வீதம். மிச்ச 150 நிமிடமும் சவள் வலிப்பது, நங்கூரக்கல் போடுவது, இரை மாற்றுவது, கதைப்பது. 9 மணிக்கு மேல் வாடை எழும்பி வாவியில் சிற்றலை எழுந்ததும் தோணியைத் திருப்பிவிடுவதே அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

கிழக்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவிக்குள் போகப்போக அதுவும் தேய்ந்துவிடும். ஆகவே நீரோட்டம் வேண்டுமென்றால் ஒடுக்கமான இடங்களைத் தேட வேண்டும். பாலத்தடி அப்படிப்பட்ட இடம். 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலம், அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலம், 2014இல் திறந்த மண்முனைப் பாலம் ஆகியவற்றின் தூண்களில் நீர் மோதிப் பிரியும். தூணின் நிழற்பக்கத்தில் கொடுவா அசையாமல் நின்று, ஓட்டம் கொண்டுவரும் இறாலையும் சிறுமீனையும் விழுங்கும்.

செலவுப் பக்கம்

மூன்று பேர், சவள் வலிக்கும் ஒரு தோணி, ஒரு காலை. பெற்றோல் விலை 2024 செப்டெம்பர் 30 அன்று அறிவித்த 92 ஒக்டேன் விலை. மற்ற விலைகளைக் கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். வாசிக்கிறவர் தன் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். கணக்கின் வடிவம் மாறாது.

தோணி வாடகை: 1,500 ரூபா
உயிர் இறால் அரைக் கிலோ: 600 ரூபா
தங்கூசி, தூண்டில், ஈயம் ஆகியவற்றின் தேய்மானம்: 450 ரூபா
மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் 2 லீற்றர், 311 ரூபா வீதம்: 622 ரூபா
தேத்தண்ணி, ரொட்டி: 480 ரூபா
மொத்தம்: 3,652 ரூபா
ஆளுக்கு: 1,217 ரூபா

2022 ஜூன் கடைசியில் அதே பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அன்றைய விலையில் 2 லீற்றர் 940 ரூபா, மொத்தச் செலவு 3,970 ரூபா. வித்தியாசம் 318 ரூபாதான். தோணிக்கு இயந்திரம் இல்லாததால் எரிபொருள் விலை பொழுதுபோக்குத் தூண்டில்காரரை அவ்வளவாகக் கடிப்பதில்லை.

இந்தப் பட்டியலில் 600 ரூபா இறாலைக் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். அரைக் கிலோவை வாங்கிவிட்டு வாளியில் நெருக்கிப் போட்டால், பாலத்தடிக்குப் போவதற்குள் பாதி செத்துவிடும். செத்த இறாலைக் கெளிறும் நண்டும்தான் கொத்தும். உயிரோடு இருக்கும் இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே, கண்ணாடிபோல் தெரியும் ஓட்டுக்குள் ஒரு கரும்புள்ளி இருக்கும். தூண்டில் முனை அந்தப் புள்ளியைத் தொடாமல் கொம்பின் அடியை மட்டும் துளைத்து வெளிவர வேண்டும். புள்ளியில் பட்டால் இறால் அந்தக் கணமே அடங்கிவிடும். தப்பினால் நீருக்குள் கால்களை அடித்துக்கொண்டு நெடுநேரம் நீந்தும். கொடுவா தேடி வருவது அந்த அசைவைத்தான். இரை பூட்டத் தெரிந்த கை ஒன்று தோணியில் இருந்தால் கால் கிலோ இறாலே போதும். செலவு 300 ரூபா குறையும்.

உழைப்பையும் பணமாக்கிப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் இலங்கையில் சட்டப்படியான குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,080 ரூபாவாக இருந்தது. 8 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 135 ரூபா. மூன்று பேர் நாலு மணி நேரம் இருந்தால் 12 ஆள்மணி, அதன் மதிப்பு 1,620 ரூபா. அதையும் சேர்த்தால் முழுச் செலவு 5,272 ரூபா.

வரவுப் பக்கம்

கொடுவா கிலோ 1,600 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கைச்செலவை மட்டும் மீட்க 2.28 கிலோ வேண்டும். உழைப்பையும் மீட்க 3.3 கிலோ வேண்டும்.

மீனின் நீளம் இரட்டித்தால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். கொடுவாவில் அது இப்படி வரும்: 40 சென்ரிமீற்றர் மீன் 0.8 கிலோ அளவு, 60 சென்ரிமீற்றர் மீன் 2.5 கிலோ அளவு, ஒரு மீற்றர் மீன் 12 கிலோவைச் சுற்றி. மெலிந்ததும் கொழுத்ததும் உண்டு, சராசரி இதுதான்.

இப்போது 3.3 கிலோவை எப்படி நிரப்புவது?

40 சென்ரிமீற்றர் மீன் என்றால் நாலு போதாது. 3.2 கிலோ, 5,120 ரூபா. 152 ரூபா துண்டுவிழும். ஐந்து வேண்டும். 4 கிலோ, 6,400 ரூபா, மீதி 1,128 ரூபா.

60 சென்ரிமீற்றர் மீன் என்றால் இரண்டு போதும். 5 கிலோ, 8,000 ரூபா, மீதி 2,728 ரூபா. ஆளுக்கு 909 ரூபா.

ஐந்து சிறிய உயிரைவிட இரண்டு வளர்ந்த மீன் கூடுதல் எடையும் கூடுதல் பணமும் தருகிறது. சட்டிக்கும் அதுதான் நல்லது. செதில், செவுள், குடல் போக மிஞ்சுவதில் சிறிய மீனில் முள்ளே கூட. பெரிய மீனின் தலையோடு மாங்காய் போட்டு வைத்த குழம்பு இரண்டு வீட்டுக்குக் காணும்.

மீன் படாத காலைகளும் உண்டு. இரண்டு காலையில் ஒன்று வெறுங்கையாய்ப் போனாலும், இரண்டு காலைக்குமான கைச்செலவு 7,304 ரூபா. மற்றக் காலையின் இரண்டு மீன் 8,000 ரூபா. அப்போதும் 696 ரூபா மிஞ்சுகிறது. உழைப்புக்குக் கூலி வராது, உண்மைதான். ஆனால் சம்பளம் தேடியா அந்த விடியலில் கூட்டாளிமாரோடு போகிறோம்?

கொடுவாவின் ஆயுள் கணக்கு

கொடுவா பிறக்கும்போது பெட்டையாக இருப்பது மிக அரிது. மூன்று நாலு வயதில், ஏறத்தாழ 55 முதல் 60 சென்ரிமீற்றரில், ஆணாக முதிரும். ஒன்றிரண்டு இனப்பெருக்கப் பருவம் ஆணாக இருந்துவிட்டு, பெரும்பாலும் 80 முதல் 100 சென்ரிமீற்றருக்குள் பெட்டையாக மாறும். நீர்நிலைக்கு நீர்நிலை வயதும் நீளமும் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஒழுங்கு மாறாது. வாவியில் பெட்டைக் கொடுவா வேண்டுமென்றால் ஆண் கொடுவா தப்பி வளர வேண்டும். வேறு வழியில்லை.

40 சென்ரிமீற்றரில் பிடித்துவிட்ட மீன் ஆணாகவும் பெருகவில்லை, பெட்டையாகவும் முட்டையிடவில்லை. பேரேட்டில் அதன் பெயரில் வரவே இல்லை, செலவு மட்டும்தான். ஒரு மீற்றர் மீனோ பெரும்பாலும் பெட்டை. அந்த அளவுப் பெட்டை ஒரு பருவத்தில் மில்லியன் கணக்கில் முட்டையிடும். 5 மில்லியன் முட்டை என்று வைப்போம். ஒரு இலட்சத்தில் ஒன்றே பிழைத்து 60 சென்ரிமீற்றரை எட்டினாலும் 50 மீன், 125 கிலோ. அதே பெட்டையை இன்றைக்குச் சந்தைக்குக் கொண்டுபோனால் 12 கிலோ, 19,200 ரூபா. 125 கிலோவின் விலை 2,00,000 ரூபா. அந்தப் பணம் பிடித்தவரின் பைக்கு வராமல் வாவி முழுக்கப் பரவும் என்பதால்தான் யாரும் அதை வரவில் எழுதுவதில்லை.

பிற கரைகளின் அளவுகோல்

கொடுவாவைப் பெரிதும் கொண்டாடும் நாடு அவுஸ்திரேலியா. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் 120ஐத் தாண்டியதையும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர் வைத்திருக்கக் கூடாது. பொதுவான நீர்நிலைகளில் ஆளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது. அதன் கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பெப்ரவரி 1 வரை கொடுவா பிடிக்கவே தடை. அது அங்கே இனப்பெருக்கப் பருவம்.

அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாக் கரையிலும் இப்படித்தான் குளிர்காலக் காலைகளில் கூட்டாளிமார் சிறு வள்ளங்களில் கடல் ட்ரவுட் பிடிக்கப் போவார்கள். நுவரெலியாவின் குளிர் ஓடைகளில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் அல்ல அது. நம் கத்தாளையின் இனம். லூசியானா மாநிலத்தில் ஆளுக்கு 25 மீன் என்றிருந்த அளவை 2023 நவம்பரில் 15 ஆக்கினார்கள். நீளம் 13 முதல் 20 அங்குலம், அதாவது 33 முதல் 51 சென்ரிமீற்றர். அதைத் தாண்டியதில் இரண்டு மட்டும் அனுமதி. டெக்சாஸ் 2024இல் ஆளுக்கு மூன்று மீன் என்று இறக்கியது. சிறியதையும் விடு, பெரியதையும் விடு, நடுவில் உள்ளதை எடு என்பதே மூன்று கரைகளின் சட்டமும்.

நான் சொல்லும் 58 குயின்ஸ்லாந்தின் அளவு. மேலெல்லையை 85க்கு இறக்குவது நம் வாவிக்காக. ஒடுங்கிய வாயும் ஆழங்குறைந்த நீரும் உள்ள இடத்தில் பெட்டையாகும் மீனை அதற்கு முன்பே காப்பாற்ற வேண்டும்.

ரசீது இல்லாத செலவுகள்

0.40 மில்லிமீற்றர் தங்கூசி ஒரு மீற்றர் 0.14 கிராம்தான் இருக்கும். கண்டல் வேரில் சிக்கி 10 மீற்றர் அறுந்தால் ஒன்றரைக் கிராம்கூட இல்லை. கையில் வைத்தால் பாரம் தெரியாது. ஆனால் அமெரிக்காவின் நோவா நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டில் அது கடலில் சிதைய 600 ஆண்டு. அதுவரை கொக்கின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றும். அறுந்த நூலைக் கரைக்குக் கொண்டுவர ஒரு சோடாப் போத்தல் போதும், செலவு சுழியம்.

கொடுவாவை விடுவதிலும் செலவு உண்டு. அதன் செவுள்மூடியின் விளிம்பு கத்திபோல் கூர்மையானது. தங்கூசியையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். ஆகவே பிடியைக் கீழ்த்தாடையில் வைக்க வேண்டும். கையை முதலில் நனைக்க வேண்டும், உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். உதட்டில் கொளுவிய மீன் பிழைக்கும். விழுங்கிவிட்டால் தூண்டிலைப் பிடுங்காமல் நூலை வாயருகே வெட்டிவிடுவதே மேல். தோணியின் உட்பலகையில் 58இலும் 85இலும் இரண்டு கோடு வெட்டிவைத்தால் மீனை அளக்கச் சில விநாடிகளே போதும்.

தொழிலாளியின் பக்கம்

இதே நீரில் வலை வீசிக் குடும்பம் நடத்துகிறவரின் பேரேடு வேறு. நமக்கு 1,620 ரூபா என்று மதிப்பிட்ட 12 ஆள்மணி அவருக்கு முழு வருமானம். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, இயந்திரப் படகுக்காரருக்கு எரிபொருட் செலவு கிட்டத்தட்ட நாலு மடங்கானது. 2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறி வந்தபோது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த நாவலடி அழிந்தது. அதற்கு முன் நெடுங்காலம் போரும் கெடுபிடியும் வாவியில் இறங்கவிடாமல் வைத்திருந்தன. இத்தனையும் தாண்டித் தோணி திருத்தி, வலை வாங்கி, மீண்டும் தொழிலுக்கு இறங்கியவர்கள் அவர்கள். "மனே, வலைக்கு மேலால தோணிய விடாதங்க" என்று ஒரு முதியவர் சொன்னால் அது அவருடைய ஒரு நாள் சோற்றைப் பற்றிய பேச்சு.

சட்டம் ஏற்கெனவே சில கோடுகளைப் போட்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டத்தின்படி வெடியும் நஞ்சும் குற்றம். தங்கூசி வலைக்கு 2006 முதல் தடை. தூண்டில்காரருக்குத் தொழிலாளிக்குள்ள பிழைப்பு நெருக்கடி இல்லை. பசிக்காகப் பிடிக்காதவர்கள் என்பதால், அளவு வகுக்கும் கடமை முதலில் அவர்களுக்கே. மூன்று பேர் விட்டுவிட்டு வரும் மீன்தான் அடுத்த பருவத்தில் தொழிலாளியின் வலையில் விழும்.

ஐந்தொகை

செலவு 5,272 ரூபா. இரண்டு மீனின் வரவு 8,000 ரூபா. மீதி 2,728 ரூபா. மூன்றாவது மீன் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. 40 சென்ரிமீற்றர் மீன் எடையிலும் நட்டம், வாவிக்கும் நட்டம். ஒரு மீற்றர் மீனைக் கொல்வது 19,200 ரூபாவுக்காக இரண்டு இலட்சத்தைத் தொலைப்பது.

ஆகவே இந்தத் தையில் தோணி ஏறும் கூட்டாளிமாருக்கு நான் வைப்பது மூன்று விதி: 58க்குக் கீழே விடு, 85க்கு மேலே விடு, இரண்டு பட்டதும் தூண்டிலைச் சுற்று. கரையில் கேள்வி கேட்பவரும் எண்ணிக்கையோடு நீளத்தையும் விட்ட கணக்கையும் சேர்த்துக் கேட்கட்டும். "இரண்டு கொண்டுவந்தோம், நாலு விட்டோம்" என்று சொல்வது பெருமையாகும் நாளில், வாவியின் பேரேட்டிலும் வரவு ஏறத் தொடங்கும்.